முந்நூறும் முப்பதும்

செவ்வாய்க்கிழமை விதைத்த மக்காச்சோளத்தை வெள்ளிக்கிழமை விடிவதற்குள் பன்றிகள் தின்றிருந்தன. ஓடைப்பக்கத்து வயலில் முழுசாகப் பன்னிரண்டு சால். இங்கொன்றும் அங்கொன்றுமாக மேய்ந்திருந்தால் லியோனா கல்லஸுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. சால் தொடங்குகிற இடத்தில் மூக்கை வைத்து, விதை விதையாகக் கிளறித் தின்று, சால் முடிகிற இடத்தில் திரும்பி, அடுத்த சாலில் வந்திருக்கின்றன. அவள் டிராக்டர்கூட அவ்வளவு நேராகப் போனதில்லை.

"தின்னதுதான் தின்னீங்க, ஒரு ஓரமாவது விட்டு வெக்கக் கூடாதா?" என்று ஓடையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். ஓடைக்கு அப்பால் புதருக்குள் கூட்டமாகப் படுத்து அவை செரித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கொட்டகையில் மிச்சம் இருந்த விதை அந்தப் பன்னிரண்டு சாலுக்கு இன்னொரு தடவை சரியாக வரும். அதற்குமேல் ஒரு மணி கிடையாது. மார்ச் தாண்டி விதைத்தால் அந்தப் பக்கத்து டெக்ஸாஸ் வெயிலில் ஜூலையில் கதிர் பிடிக்காது, கருகிவிடும். ஆகவே நாளை விதைக்க வேண்டும், முளை ஒரு சாண் வரும்வரை பத்து நாள் காக்க வேண்டும். காக்க வேண்டியவர் வீட்டுக்குள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தன சாலு?" என்று கேட்டார் அவள் கணவர் ஆல்பன், தலையைத் திருப்பாமல்.

"பன்னெண்டு."

"ஓடை வயல பக்கத்து நிலத்து மாட்டுக்காரனுக்கே குத்தகைக்கு விட்டுடலாம், லியோனா. புல்லு போட்டுக்கட்டும். பன்னி புல்ல ஒண்ணும் பண்ணாது."

இந்த மாதத்தில் மூன்றாவது தடவை இதைச் சொல்கிறார். பன்றிகளைவிட இந்தப் பேச்சுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஓடை வயலை யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போன மனுஷன். வயல் போனால் அடுத்தது என்ன போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலி ஒன்றுதான் மிஞ்சும்.

எல்லாம் போன அக்டோபரில் வந்த வினை. ஆல்பனிடம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றுக்கு ஒல்லிக் குண்டு வைத்த தோட்டா. அதன் பெயர் இருநூற்று இருபத்து மூன்று. மற்றதற்குப் பருத்த குண்டு வைத்த தோட்டா. அதன் பெயர் முந்நூறு. பன்றிக்கு முந்நூறுதான் சரி என்று ஊரே சொன்ன வருஷத்தில் வாங்கியது. குண்டுதான் வேறு, இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஒன்றே. தோட்டாக்களை அடுக்கும் ஒரே மேகசின் பெட்டியில் இரண்டும் உட்காரும். பருத்த குண்டை ஒல்லிக் குழாய்க்குள் தள்ளினாலும் பல சமயம் தடுக்காமல் உள்ளே போய்விடும். விசையை இழுத்த பிறகுதான் குண்டுக்கு வழியில்லை என்று தெரியும், அதற்குள் துப்பாக்கி வெடித்திருக்கும்.

ஒரு விடியற்காலையில், குளிரில், ஆல்பன் ஒல்லிக் குழாய்த் துப்பாக்கிக்கு எடுத்தது தப்பான மேகசின். துப்பாக்கி சிதறிப்போனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நுனியில் உணர்ச்சி போய்விட்டது. இதெல்லாம்கூட ஆறியிருக்கும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்து வாசலில் நின்றபோது, பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த சிநேகிதன் பென்னோ, "வாடா, முந்நூறு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். ஆல்பனும் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அதன்பின் பூசைக்குக்கூட பக்கத்து ஊருக்குச் சனிக்கிழமை சாயங்காலமே போய் வந்துவிடுகிறார்.

லியோனா பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பிக்கப்பை எடுத்துக்கொண்டு நேரே டஸ்டியின் தீவனக் கடைக்குப் போனாள்.

டஸ்டியின் கடையில் முன்பக்கம் கோழித் தீவனம், பின்பக்கக் கண்ணாடி அலமாரியில் தோட்டா, நடுவில் ஒரு வட்ட மேசை. மேசையில் மழைக்காலமானாலும் வெயில்காலமானாலும் புள்ளி போட்ட கட்டைகளை வைத்து டாமினோ ஆட்டம் நடக்கும். நாற்பத்திரண்டு என்று பெயர். நாலு பேர், ரெண்டு ரெண்டு பேராக ஜோடி. எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும், கேட்பு முப்பதில்தான் தொடங்கும். முப்பது வருஷமாக பென்னோவுக்கு ஜோடி ஆல்பன். அக்டோபருக்குப் பிறகு பென்னோ கையில் அகப்பட்டவனையெல்லாம் ஜோடி சேர்த்து, எதிரில் இருந்த எர்வினிடமும் எர்வினின் மச்சானிடமும் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அகப்பட்டவன் தீவன லாரி ஓட்டி வந்த பையன். அவனுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் சந்தோஷமாக இருந்தான்.

"டஸ்டி, பன்னி சுடணும். என்ன தோட்டா வாங்கலாம்?" என்றாள் லியோனா.

அந்தக் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்பது கோழிகளுக்கு நடுவில் தானியத்தை வீசுகிற மாதிரி. டஸ்டி வாயைத் திறப்பதற்குள் மேசையிலிருந்து தோட்டாப் பெயர்கள் வந்துவிட்டன.

"ஆறரை," என்றார் எர்வின். "கண்ண மூடிக்கிட்டு ஆறரை வாங்கு, லியோனா. ஐந்நூறு கெஜத்துல நின்னாலும் கோடு போட்ட மாதிரி போகும்."

"எங்க காவல் பரண்லேருந்து சாலு எழுவது கெஜம். பன்னி பக்கத்து மாவட்டத்துல நிக்கிறப்போ உன்கிட்ட வர்றேன்," என்றாள் லியோனா.

"அவன் பேச்ச விடு," என்றார் பென்னோ. "நாப்பத்தஞ்சு-எழுவது. பன்னியும் சாகும், பின்னால நிக்கிற மரமும் சாகும்."

"சுட்டவன் தோளும்," என்றாள்.

"எங்க ஊர்ப்பக்கம் ஹெலிகாப்டர்ல போய்ச் சுடுவாங்க," என்றான் லாரிப் பையன்.

"நீ கையில இருக்கிற கட்டையப் பாருப்பா," என்றார் பென்னோ.

டஸ்டிதான் கேட்க வேண்டியதைக் கேட்டான். வயசுக்கு மரியாதையாக அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவான். "மிஸ் லியோனா, சுடப்போறது நீங்களா?"

வழியெல்லாம் அதைத்தான் யோசித்து வந்திருந்தாள். அவளுக்கே சுடத் தெரியும். தானே பரணில் ஏறினால் சோளம் பிழைக்கும். ஆனால் அவள் காப்பாற்ற வந்தது சோளத்தை மட்டுமா?

"ஆல்பன்," என்றாள்.

"யாரு, முந்நூறா?" பென்னோ சிரித்தார். இந்தத் தடவை கூடச் சிரிக்க ஆள் இல்லை.

லியோனா மேசைப் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் ஆபத்து என்று தெரியும்.

"எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு கனம்னு எல்லாரும் நல்லா சொல்றீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எங்க வீட்டுல இருக்கிற வேற எந்தத் துப்பாக்கிக்குள்ளயும் போய் வெடிக்காத தோட்டா எது? விடியாத நேரத்துல, கை வெறைச்சு, அரைத் தூக்கத்துல, தப்பா எடுத்தாலும் தப்பா போகக் கூடாது. அது எது? வாழ்நாள் பூரா இதப் பத்தியே பேசுறீங்களே, யாராவது சொல்லுங்க."

எர்வின் தன் கையிலிருந்த கட்டையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"என் வீட்டுக்காரி நகத்துக்குப் பூசுற சிவப்புச் சாயம் இருக்கில்ல," என்றார், மேசையைப் பார்த்தபடி. "அத எடுத்து முந்நூறு மேகசின் எல்லாத்துலயும் பட்டையா அடிச்சு வெச்சிருக்கேன். ஏன்னு கேளு. ஒருநாள் ஒல்லிக் குண்டுத் துப்பாக்கியில அதத்தான் மாட்டியிருந்தேன். பன்னி வரல. வந்திருந்தா நானும் போயிருப்பேன்."

"எனக்குச் சொல்லவே இல்லையே நீ?" என்றார் அவருடைய மச்சான்.

"உனக்குச் சொன்னா ஊருக்கே சொல்ற மாதிரி."

பென்னோ தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. பென்னோ வெட்கப்பட்டு லியோனா பார்த்ததே இல்லை.

"நான் என் முந்நூற வித்தேன்ல, ரெண்டு வருஷத்துக்கு முந்தி," என்றார். "பிடிக்கலன்னு சொன்னேன். பொய். ஒல்லிக் குழாயில போட்டுட்டு, உள்ள போகலன்னு உள்ளங்கையால ரெண்டு தட்டு வேற தட்டினேன். அப்புறம்தான் பாத்தேன். வண்டிக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தேன்." முன்னாலிருந்த கட்டைகளை நேராக்கினார். "ஆல்பனுக்கு அப்படி ஆனப்போ, ஐயோ நானா இருந்திருப்பேனேன்னுதான் முதல்ல தோணிச்சு. அவனப் பாத்துச் சிரிச்சா ஏன் வித்தேன்னு என்னை யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். கேவலம்தான்."

அவரைத் திட்டுவதற்கென்று அக்டோபரிலிருந்து லியோனா சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒரு மூட்டை இருக்கும். ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை.

"இத அவன்கிட்ட சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லு," என்றார் பென்னோ. "வாந்திய மட்டும் விட்டுடு. இல்ல, அதையும் சொல்லு."

டஸ்டி இதற்குள் சுவரிலிருந்து பழைய துப்பாக்கி ஒன்றை இறக்கியிருந்தான். கைப்பிடிக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு நெம்புகோல், இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே வரும். "முப்பது-முப்பது, மிஸ் லியோனா. இதுக்குத் தனி மேகசினே கிடையாது. பக்கவாட்டுத் துளையில ஒவ்வொண்ணா தள்ளணும். தோட்டாவோட அடியில விளிம்பு நீட்டிக்கிட்டு இருக்கும், தொட்டாலே சொல்லிடலாம். எழுவது கெஜத்துல பன்னிக்கு இது தாராளம்." வேறொரு நாளாக இருந்தால் தாத்தா காலத்துத் துப்பாக்கி என்று மேசையிலிருந்து நாலு குரல் வந்திருக்கும். அன்று வரவில்லை. வீட்டிலிருக்கும் முந்நூறைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் கணக்கு நேர் என்று சொல்லி, பழகிப் பார்க்க மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ரெண்டும் கொடுத்து அனுப்பினான்.

ஆல்பன் புதுத் துப்பாக்கியைப் பார்த்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போகப் பார்த்தார். லியோனா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. வீட்டுல இருக்கிற எல்லாத் துப்பாக்கியையும் மேசைக்குக் கொண்டு வா."

"எதுக்கு?"

"கொண்டு வா, சொல்றேன்."

அவர் முனகிக்கொண்டே கொண்டுவந்தார். எல்லாவற்றையும் திறந்து காலியாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு ரெண்டு தடவை பார்த்தார். லியோனா வெற்றுத் தோட்டாவை நீட்டினாள். "இத ஒவ்வொண்ணுலயும் போட்டுப் பாரு. எதுலயாவது பொருந்தினா ஓடை வயல நாளைக்கே குத்தகைக்கு விட்டுடலாம்."

முந்நூறில் வைத்தார். நுழையவில்லை. மான் வேட்டைத் துப்பாக்கியில் வைத்தார். கொஞ்சம் போனது, விளிம்பு இடித்தது, கதவு மூடவில்லை. அழுத்திப் பார்த்தார். மூடவே இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்துவிட்டதை லியோனா கவனித்தாள். கடைசியாக இரட்டைக் குழல். அது பறவைக்குச் சுடுகிற அகலக் குழாய். பின்பக்கம் மடக்கித் திறந்து தோட்டாவை வைத்து விரலை எடுத்தார். தோட்டா கடகடவென்று குழாய் முழுக்க ஓடி, முன்பக்கம் வெளியே வந்து, அவருடைய காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது.

காப்பி அவர் சட்டையிலும் லியோனாவின் முகத்திலும் தெறித்தது. இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள்.

"இதுல போகுதே," என்றார் ஆல்பன்.

"போச்சு. போன வேகத்துல வெளிய வந்துடுச்சு. அதுக்கென்ன இப்ப?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. ஐந்து மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். சூட்டோடு சூடாக, கடையில் நடந்ததை லியோனா சொன்னாள். கேட்கக் கேட்க சிரிப்பு நின்றது.

"கடையில போய் என் பேர எடுத்தியா? எல்லார் முன்னாடியும்?"

"எடுத்தேன்."

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. கேட்டுட்டா செய்யணும்? எர்வின் மேகசினுக்கு நகச்சாயம் பூசியிருக்கான். பென்னோ வண்டிக்குப் பின்னால வாந்தி எடுத்திருக்கான். நீ ஒருத்தன்தான் முட்டாள்னு இத்தன நாளா இங்க உக்காந்திருக்க."

ஆல்பன் கோப்பைக்குள் விரலை விட்டுத் தோட்டாவை எடுத்தார். வலது கையில் உருட்டினார், முகம் வாடியது. "எனக்கு ஒண்ணும் தெரியல, லியோனா. விளிம்பு இருக்கா இல்லையான்னே தெரியல."

"இடது கை என்ன பாவம் பண்ணிச்சு?"

இடது கைக்கு மாற்றினார். கட்டைவிரல் அடியில் சுற்றி வந்தது. "இருக்கு," என்றார். "பென்னோ நெஜமாவே வாந்தி எடுத்தானா?"

சனிக்கிழமை லியோனா கடைசி விதையைப் பன்னிரண்டு சாலிலும் போட்டு முடித்தாள். ஞாயிறு மத்தியானம் ஆல்பன் வயலோரத்தில் நின்று நாலு தோட்டா சுட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டார், குறிக்கு வைத்த அட்டை தப்பித்தது. திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும்போது இருவரும் பரணில் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் இடது கையால் ஒவ்வொரு தோட்டாவையும் தடவிப் பார்த்து உள்ளே தள்ளினார். ஐந்து முறை கிளிக் என்றது.

வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் பன்றிகளும் வந்தன. ஓடையை ஏறி, உருளைப் பீப்பாய் மாதிரி ஒரு பெட்டை முன்னால், பின்னால் சின்னதும் பெரிசுமாகப் பத்து. பெட்டை நேரே முதல் சாலுக்குப் போய் மூக்கை வைத்தது.

ஆல்பன் துப்பாக்கியை உயர்த்தினார். இறக்கினார். திரும்பவும் உயர்த்தி, திரும்பவும் இறக்கினார்.

"நீ சுடு, லியோனா."

அவள் கையை நீட்டவில்லை. கீழே விதை போய்க்கொண்டிருந்தது. இனிமேல் விதை இல்லை. பிடுங்கிச் சுட்டுவிடலாம். அரை நிமிஷ வேலை. அதன்பிறகு இவர் இந்தப் பரணில் ஏறவே மாட்டார்.

"உள்ள இருக்கிறது சரியானதுதானான்னு சந்தேகமா இருக்கா?" என்று காதோரம் கேட்டாள்.

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"அப்ப வெளிய எடுத்துப் பாரு."

"அங்க தின்னுக்கிட்டு இருக்கு."

"தின்னட்டும். நீ பாரு."

அவர் நெம்பை மெல்ல இறக்கினார். தோட்டா கைக்குள் விழுந்தது. இடது கட்டைவிரல் அடியைச் சுற்றி ஒரு தடவை போனது, இன்னொரு தடவை போனது. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெட்டை முதல் சாலில் பாதி தாண்டிவிட்டது. அவர் தோட்டாவை உள்ளே தள்ளி, நெம்பை மூடி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தார்.

முதல் வெடிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். பன்றிக்கு முன்னால் மண் எழும்பியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் கூட்டம் ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியில் நெம்பு இறங்கி ஏறியது. இரண்டாவது வெடிக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். லியோனா பன்றியைப் பார்க்கவில்லை, அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டை அதே சாலில் சாய்ந்தது. மற்றவை ஓடையைத் தாண்டி, புதரைத் தாண்டி, அடுத்தவன் நிலத்துக்குள் போகிற சத்தம் கேட்டது.

ஆல்பன் துப்பாக்கியைத் திறந்து காலி செய்து ஓரமாக வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கன்னம், மூக்கு, கண்ணாடி.

"கண்ணாடி அப்படியே இருக்கு," என்றார். அழுதுகொண்டிருந்தார்.

"இருக்கு."

"அந்த மாட்டுக்காரன்கிட்ட நீ ஒண்ணும் சொல்லிடலயே?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

அதன்பின் பத்து நாளும் விடிவதற்கு முன் அவர்தான் அவளை எழுப்பினார். பன்றிகள் திரும்பவில்லை. முதல் சாலில் பாதி மொட்டையாக நின்றது, மற்றதெல்லாம் முளைத்து ஒரு சாண் வந்தது. பதினொன்றாம் நாள் ஆல்பன் முந்நூறைத் துணியில் சுற்றிக்கொண்டார், அந்தப் பெட்டைப் பன்றியின் இறைச்சியில் போட்ட சாசேஜ் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டார். "டஸ்டி கடைக்குப் போறேன், வர்றியா?" என்று தினமும் போகிறவர் மாதிரி கேட்டார்.

கடைக்குள் நுழைந்ததும், அன்றைக்கும் அகப்பட்டிருந்த லாரிப் பையன் யாரும் சொல்லாமலே எழுந்து நாற்காலியைக் காலி செய்தான். அவ்வளவு தோற்றபிறகு அவனுக்கும் அது விடுதலைதான். பென்னோ எழுந்து நின்று, "டேய்," என்றார்.

"உக்காருடா," என்றார் ஆல்பன். "கட்டையக் கலை."

சாசேஜ் பொட்டலத்தை மேசை நடுவில் வைத்தார். லியோனா கோழித் தீவனம் பக்கம் போய், வீட்டில் ரெண்டு மூட்டை இருக்கும்போதே மூன்றாவது மூட்டையின் விவரத்தை நின்று படித்தாள்.

கட்டைகளைக் கலைத்துப் பிரித்தார்கள். முதல் கேட்பு ஆல்பனுடையது. இடது கையால் கட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, நிதானமாகப் பார்த்தார்.

"முப்பது," என்றார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் பென்னோ, பழைய பழக்கத்தில். கேட்டபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அவ்வளவுதான். முந்நூறு எனக்கு ஒத்துக்கலடா."

முதலில் சிரித்தது ஆல்பன்தான். பிறகுதான் பென்னோ, அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. லியோனா மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டஸ்டியிடம் போனாள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்க, தேவையில்லாத அந்த மூட்டையை வாங்குவதைத் தவிர, வேறு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.